எரிசக்தித் திட்டமிடலில் பன்முக அளவுகோல் முடிவாய்வு: திருப்பூர் தரும் பாடம்

முன்னுரை

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலைப் பற்றிப் பேசுவோர் பருத்தி விலையைப் பேசுவர்; நூல் விலையைப் பேசுவர்; டாலரின் ஏற்ற இறக்கத்தைப் பேசுவர். அத்தொழில் எந்த ஆற்றலைக் கொண்டு இயங்குகிறது என்பதைப் பேசுவோர் மிகச் சிலரே. பின்னும் எந்திரமும் தையல் எந்திரமும் மின்சாரத்தால் இயங்குகின்றன. சாயமேற்றும் நீர் கொதிகலன் தரும் நீராவியால் சூடேறுகிறது. தைத்து முடித்த ஆடையைத் தேய்த்து மடிப்பதற்கும் வெப்பம் வேண்டும். எரிசக்தி தடைப்படுமாயின் பஞ்சும் நூலும் குவிந்து கிடந்தும் பயனில்லை.

1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பார் 'பேபி நிட்டிங்' என்னும் பெயரில் தொடங்கிய பட்டறையையே திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தொடக்கமாக அத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கொங்கு நாட்டில் ஆலைகள் பெருகின. அன்று தொழில் தொடங்குவோருக்குப் பெரிய மின்வழி அது ஒன்றே. இன்றோ அனல் மின்சாரம், காற்றாலை, கதிரவத் தகடு, டீசல் ஜெனரேட்டர், விறகு, நிலக்கரி, எரிவாயு என வழிகள் பலவாகிவிட்டன. வழி ஒன்றாயின் கவலை இல்லை. பலவாகும்போதே எதனைத் தெரிவது என்னும் வினா பிறக்கிறது.

இவ்வினாவிற்கு முறைப்படி விடைகாண உதவும் கணிப்பு முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'மல்ட்டி கிரைட்டீரியா டிசிஷன் அனாலிசிஸ்' என வழங்கும் அதனை நாம் 'பன்முக அளவுகோல் முடிவாய்வு' எனக் குறிப்போம். அதன் இயல்பினைத் திருப்பூரின் பட்டறிவோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் தமிழ் பயிற்றுவிப்போர். பொறியியல் பயின்றோம் அல்லோம். எனினும், நம் வகுப்பறையில் அமரும் மாணவருள் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளரின் மக்கள். எரிசக்தி பற்றிய முடிவு எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்டாலும் அதன் விளைவு அவர்தம் வீட்டு அடுப்பங்கரை வரை வந்து சேர்வதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒற்றை அளவுகோலின் குறை

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கித் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு 2012இல் உச்சத்தை எட்டியது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்தது. ஏற்றுமதிக்கு நாள் குறித்துவிட்ட முதலாளிகள் டீசல் ஜெனரேட்டர்களை நாடினர். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை வாரிய மின்சாரத்தைவிடப் பன்மடங்கு ஆயினும், கப்பல் ஏறும் நாள் தவறினால் ஏற்படும் இழப்பு அதனினும் பெரிதாக இருந்தது.

ஜெனரேட்டர் வாங்க இயலாத சிறு பட்டறைகளின் நிலை வேறு. மின்சாரம் வரும் வேளையே வேலை வேளை என்றாயிற்று. துண்டுக்கூலிக்குத் தைக்கும் தொழிலாளிக்கு எந்திரம் நின்ற நேரத்திற்குக் கூலி இல்லை. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் நள்ளிரவில் எழுந்து செல்ல வேண்டும். அந்நாளில் நம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் நாள்தோறும் முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடுவார். கடிந்து கேட்டபோது, தாயும் தாமும் முறைவைத்து இரவில் தைக்கச் செல்வதாகக் கூறினார். மாநிலத்தின் மின் திட்டத்தில் நேர்ந்த பிழை ஒன்று நம் வருகைப் பதிவேட்டில் வந்து பதிந்ததை அன்று உணர்ந்தோம்.

தேவை வளர்வதை முன்னறிந்து உற்பத்தியையும் கம்பித் தடத்தையும் பெருக்காமையே அம்மின்வெட்டின் முதன்மைக் காரணம். தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு முழுமையாக இணைக்கப்பட்டதே 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளில்தான். இன்றைய செலவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் இத்தகைய முதலீட்டை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைப்பர். மலிவு என்பது ஓர் அளவுகோல். அதுவே அளவுகோல் அன்று. உறுதி, தூய்மை, நிலம், நீர், தொழிலாளர் நலம் ஆகியவும் அளவுகோல்களே.

முறையின் வரலாறு

பல நிலைகளை எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அழிவது, ஆவது, பின்னர் வரும் பயன் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணுமாறு அவற்றுள் முதல் அதிகாரம் அறிவுறுத்துகிறது. எரிசக்தித் திட்டமிடுவோர்க்கும் கருவியின் வலிமை, காற்று வீசும் பருவம், ஆலை அமையும் இடம் ஆகியனவே முதல் வினாக்களாம்.

மேலைநாட்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1772ஆம் ஆண்டில் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதம் இத்துறையினரால் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. தாளின் ஒருபுறம் சார்பானவற்றையும் மறுபுறம் எதிரானவற்றையும் சில நாள் எண்ணி எழுதி, எடை ஒத்தவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது எதுவெனத் தெரியும் என்பது அவர் காட்டிய வழி. இருபதாம் நூற்றாண்டில் இது கணிதத் துறையாக வளர்ந்தது. பிரான்சின் பெர்னார் ருவா 1960களில் 'எலெக்டர்' என்னும் முறையை வகுத்தார். ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தாமஸ் சாட்டி 1970களில் இணை இணையாக ஒப்பிடும் படிநிலைப் பகுப்பாய்வு முறையை உருவாக்கினார். 1973இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்து உலகை உலுக்கிய பின்னர் இம்முறைகள் எரிசக்தித் துறைக்குள் நுழைந்தன. எரிசக்தித் திட்டமிடலில் இவற்றின் பயன்பாட்டைத் தொகுத்து ஆராய்ந்து, பிலானி பிர்லா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த போஹேகர், ராமச்சந்திரன் ஆகிய இருவர் 2004இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவதாகும்.

முறையின் படிகள்

முறைகள் பலவாயினும் அவற்றின் அடிப்படைப் படிகள் ஐந்து எனலாம்.

முதலாவது, தெரிவுக்குரிய வழிகளை வரிசைப்படுத்துதல். இரண்டாவது, எவ்வெவ் அளவுகோலால் அவற்றை அளப்பது என முடிவு செய்தல். மூன்றாவது, ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வோர் அளவுகோலிலும் மதிப்பெண் இடுதல். நான்காவது, அளவுகோல்களுக்குள் எது எவ்வளவு முதன்மையானது என எடை இடுதல். ஐந்தாவது, மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டி வரிசை காணுதலும், எடையைச் சிறிது மாற்றினால் அவ்வரிசை நிலைக்கிறதா எனச் சோதித்தலும்.

இவற்றுள் மூன்றாம் படியில் அறிவியல் பேசுகிறது. நான்காம் படியில் மனிதர் பேசுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இம்முறையின் முதற்பயன் என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒரு பின்னலாடைப் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். மின்தேவையை ஈடுசெய்ய அதற்கு மூன்று வழிகள் உள்ளன: டீசல் ஜெனரேட்டர், உடுமலை அல்லது பல்லடம் பகுதியில் காற்றாலையில் பங்கு, கூரையின்மேல் கதிரவத் தகடு. அளவுகோல்கள் நான்கு: முதலீட்டுச் சிக்கனம், ஓட்டச் செலவுச் சிக்கனம், கேட்ட வேளையில் கிடைக்கும் உறுதி, தூய்மை. பத்துக்கு இத்தனை என நாமே மதிப்பெண் இடுவோம். இவை அளந்து கண்ட புள்ளிவிவரங்கள் அல்ல. முறையை விளக்க நாம் வைத்துக்கொண்ட எண்கள்.

டீசல் ஜெனரேட்டர்: முதலீடு 9, ஓட்டச் செலவு 2, உறுதி 9, தூய்மை 1.
காற்றாலைப் பங்கு: முதலீடு 2, ஓட்டச் செலவு 9, உறுதி 5, தூய்மை 8.
கூரைத் தகடு: முதலீடு 5, ஓட்டச் செலவு 8, உறுதி 4, தூய்மை 9.

காற்றுக்கும் கதிரவனுக்கும் உறுதியில் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டின் சில மாதங்களிலேயே வலுத்து வீசும். கதிரவன் பகலுக்கு மட்டுமே உரியவன். காற்றாலை மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியே வருவது. கூரைத் தகடும் பொதுவாக அக்கம்பியோடு இணைந்தே இயங்குவது. ஆகவே கம்பியில் மின்சாரம் நின்றால், மாற்று ஏற்பாடு இல்லாதவிடத்து இவ்விரண்டும் உதவா.

ஏற்றுமதி நாள் நெருங்கி நிற்கும் முதலாளி நூறு பங்கு எடையை முதலீட்டிற்கு 30, ஓட்டச் செலவிற்கு 20, உறுதிக்கு 40, தூய்மைக்கு 10 எனப் பகிர்கிறார் என்க. அப்போது டீசல் 6.8, தகடு 5.6, காற்றாலை 5.2 என வரிசை அமையும், டீசலே வெல்லும். அப்பட்டறையின் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர், தம் மக்களின் மூச்சையும் இருபது ஆண்டுக் கணக்கையும் எண்ணி, முதலீட்டிற்கு 10, ஓட்டச் செலவிற்கு 30, உறுதிக்கு 20, தூய்மைக்கு 40 என எடை இடுகிறார் என்க. இப்போது தகடு 7.3, காற்றாலை 7.1, டீசல் 3.7 என வரிசை தலைகீழாகும்.

மதிப்பெண்கள் மாறவில்லை, எடை ஒன்றே மாறிற்று. இருவரும் பொய் கூறவில்லை; இருவரும் கணக்கில் பிழை செய்யவுமில்லை. அவர்களுடைய கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை அட்டவணை சுட்டிக்காட்டிவிட்டது. இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. இரண்டாமவர் தூய்மையின் எடையில் 10 குறைத்து உறுதிக்குச் சேர்த்தால் தகடும் காற்றாலையும் 6.8 எனச் சமமாகிவிடுகின்றன. எனவே அவ்விரண்டுக்கும் இடையே 'இதுவே சிறந்தது' என அடித்துக் கூறுதல் தகாது. ஐந்தாம் படியாகிய சோதனை இத்தகைய மிகைத்துணிவிலிருந்து நம்மைக் காக்கிறது.

இலங்கையில் நிகழ்ந்த ஆய்வு

ஒரு பட்டறைக்கு ஏற்ற முறை ஒரு நாட்டிற்கும் ஏற்குமா? ஏற்கும் என்பதற்கு அண்டை நாடாகிய இலங்கை சான்று. பீட்டர் மையர், மோகன் முனசிங்க ஆகிய இருவர் இலங்கையின் மின்துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு செய்த ஆய்வினை உலக வங்கி 1994இல் வெளியிட்டது. நீர்மின் அணை கட்டினால் காடும் ஊரும் மூழ்கும். நிலக்கரி நிலையம் அமைத்தால் காற்று கெடும். இவற்றைப் பணத்தால் மட்டும் அளப்பது எங்ஙனம் என்பதே அவர்கள் முன்னிருந்த வினா.

அவர்கள் எல்லாவற்றையும் ரூபாயாக மாற்ற முற்படவில்லை. ஒவ்வொரு திட்டத்தின் செலவை ஓர் அச்சிலும் சுற்றுச்சூழல் கேட்டை மற்றோர் அச்சிலும் குறித்து வரைபடம் வரைந்தனர். செலவும் மிகுந்து கேடும் மிகுந்த திட்டங்கள் எவ்வகை எடை இட்டாலும் தேறா. அவற்றைத் தயக்கமின்றித் தள்ளிவிடலாம். எஞ்சுபவை, ஒன்றில் பெற வேண்டுமாயின் மற்றொன்றில் இழக்க வேண்டிய திட்டங்கள். அவற்றுள் எதனைக் கொள்வது என்பதை மக்களும் ஆட்சியாளரும் கூடி முடிவு செய்ய வேண்டும். கம்பித் தடங்களில் நேரும் மின்னிழப்பைக் குறைத்தல் போன்ற வழிகள் செலவையும் கேட்டையும் ஒருங்கே குறைப்பன என்பதும் இத்தகைய வரைபடத்தில் கண்கூடாகும்.

நொய்யல் கற்பித்த பாடம்

இனித் திருப்பூரின் மிகப் பெரிய பட்டறிவுக்கு வருவோம். அது ஆற்றைப் பற்றியதாகத் தோன்றினும் எரிசக்தியையும் பற்றியதே.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992இல் பயன்பாட்டிற்கு வந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அந்நீர் பாய்ந்த வயல்கள் உவர்ந்தன, கிணறுகள் கெட்டன. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் கலவாத நிலையை எய்த வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட ஆணையிட்டது. ஏறத்தாழ எழுநூறு பட்டறைகள் ஒரே ஆணையில் நின்றன. பல்லாயிரம் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன.

இந்நிகழ்ச்சியை நம் ஆய்வுமுறையின் கண்கொண்டு நோக்குவோம். முன்னர்க் கூறிய கூட்டல் முறையில் ஒரு குறை உண்டு. ஓர் அளவுகோலில் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணை மற்றோர் அளவுகோலின் உயர்ந்த மதிப்பெண் ஈடுகட்டிவிடும். அந்நியச் செலாவணியில் பத்துக்குப் பத்துப் பெற்றால் ஆற்றில் சுழி பெற்றதும் மறைந்துபோகும். பல ஆண்டுகள் நிகழ்ந்தது இதுவே. ருவா வகுத்த முறையில் இதற்கு மாற்று உண்டு. குறித்த எல்லைக்குக் கீழ் ஓர் அளவுகோல் தாழுமாயின், பிற எத்துணை உயர்ந்தாலும் அவ்வழியை ஏற்கலாகாது என்னும் தடையுரிமையே அது. உயர்நீதிமன்றம் ஆற்றுக்கு எடையைக் கூட்டவில்லை. தடையுரிமையையே வழங்கியது எனலாம்.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. கழிவுநீரை ஆற்றில் விடாமல் மீட்பதற்கு ஆற்றல் வேண்டும். சவ்வு வழியே நீரை அழுத்திச் செலுத்தும் எக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும். எஞ்சிய உப்புக்கரைசலைக் காய்ச்சி ஆவியாக்க வெப்பம் வேண்டும். நீரைக் காத்த தீர்வு மின்சாரத்திற்கும் எரிபொருளுக்கும் புதிய தேவையை உண்டாக்கிற்று. மின்வெட்டு உச்சத்தை நோக்கிச் சென்ற ஆண்டுகளிலேயே இச்சுமையும் வந்து சேர்ந்தது. நீருக்கு ஒரு துறை, மின்சாரத்திற்கு ஒரு துறை, தொழிலுக்கு ஒரு துறை எனத் தனித்தனி அட்டவணை வைத்துக்கொள்வதன் தீமை இது. ஓர் அட்டவணையில் இடம்பெறாத அளவுகோல் மறைந்துபோவதில்லை. அது ஆற்றோடு இறங்கிச் சென்று, கீழ்மடையில் இருப்பவரின் கிணற்றில் தேங்கி, சில ஆண்டுகள் கழித்து வட்டியோடு திரும்பி வருகிறது.

எடையை இடுவோர் யார்?

கொங்கு மண்டலத்தில் வேறு இரு நிகழ்ச்சிகளும் இதனையே உணர்த்துகின்றன. எரிவாயு, விறகையும் நிலக்கரியையும்விடத் தூய எரிபொருள். அதனைக் கொச்சியிலிருந்து கொண்டுவரும் கெயில் நிறுவனத்தின் குழாய், திருப்பூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களின் ஊடே செல்லத் திட்டமிடப்பட்டது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுமாறு உழவர்கள் வேண்டினர். மாநில அரசும் 2013இல் அவ்வாறே கூறிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2016 பிப்ரவரியில் நிறுவனத்திற்குச் சார்பாக முடிந்தது. அவ்வாறே சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்தடத்தின் கோபுரங்கள் வயல்களில் அமைந்தபோதும் போராட்டம் எழுந்தது. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் தடத்தின் கேரளப் பகுதியில் ஒரு பங்கு நிலத்தடிக் கம்பியாக அமைவதைச் சுட்டி, எமக்கு மட்டும் ஏன் இயலாது என உழவர்கள் வினவினர்.

குழாயும் வேண்டும், கம்பியும் வேண்டும். அவை இன்றித் தூய ஆற்றல் தொழிலகத்தை வந்தடையாது. உழவரின் வினா அவற்றை மறுப்பதன்று. 'எம் நிலத்திற்கு எவ்வளவு எடை இட்டீர்?' என்பதே. அவ்வினாவிற்கு முன்கூட்டியே விடை கூறும் அட்டவணை இருந்திருப்பின், உழவர் தெருவில் இறங்கும் முன்னரே பேச்சுத் தொடங்கியிருக்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. எண்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. முன்னரே முடிவெடுத்துவிட்டு அதற்கேற்ப எடையை அமைத்து, 'கணக்கு இவ்வாறு கூறுகிறது' எனச் சொல்வதும் இயலும். ஆகவே முடிவை மட்டும் அன்றி, எடையையும் அதனை இட்டவர் பெயரையும் கேட்டறிதல் வேண்டும். ஒரே பொருளை இரு பெயரில் இருமுறை எண்ணியுள்ளனரா, பாதிக்கப்படுவோர் எவரேனும் விடுபட்டுள்ளனரா எனவும் நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், பன்முக அளவுகோல் முடிவாய்வு என்பது முடிவை எந்திரத்திடம் ஒப்படைக்கும் வித்தை அன்று என்பது தெளிவாகும். நாம் எதனைப் பெரிதாக மதிக்கிறோம் என்பதை வெளிப்படையாக எழுதிவைக்கச் செய்யும் ஒழுங்கு அது. பெருக்கலும் கூட்டலும் பள்ளி மாணவரும் செய்யக்கூடியன. எடையிடும் அவையில் யார் அமர்கின்றனர் என்பதே அரிய வினா.

அவ்வவையில் அமர நமக்கும் வழிகள் உண்டு. மின்கட்டணத்தை மாற்றும் முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவையிலும் அத்தகைய கூட்டம் நடைபெற்றது. தொழில் நடத்தும் பெரியோர் தம் கட்டணச் சுமையை அங்கே எடுத்துரைக்கின்றனர். அத்தொழிலில் உழைப்போரின் இரவுத் தூக்கத்தையும், கீழ்மடை உழவரின் கிணற்றையும் எடுத்துரைக்கும் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும். மாணவர்களாகிய நீங்கள் உங்கள் தெருவிலுள்ள ஒரு பட்டறையைத் தேர்ந்து, மேற்கூறியதுபோல் ஓர் அட்டவணை வரைந்து, முதலாளியிடமும் தொழிலாளியிடமும் அண்டை வீட்டாரிடமும் தனித்தனியே எடை கேட்டுப் பாருங்கள். மூன்று எடைகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். எரிசக்தித் திட்டமிடல் என்பது யாது என்பதை அத்தாள் எக்கட்டுரையினும் தெளிவாக உணர்த்தும்.

முதல் வரிசையில் உறங்கிய அம்மாணவர் பட்டம் பெற்று இன்று ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கராக உள்ளார். அண்மையில் நம்மைக் காண வந்தபோது, தம் நிறுவனம் கூரையில் தகடு பதிக்க எண்ணுவதாகவும் செலவுக் கணக்கைத் தாமே எழுதுவதாகவும் கூறினார். அக்கணக்கில் தொழிலாளருக்கும் ஒரு நிரல் இடுமாறு கேட்டுக்கொண்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, இடுவதாக வாக்களித்துச் சென்றார்.